நெமிலிச்சேரி ஸ்டாண்டும் தாராளவாதமும்

ஜூலை 8

இன்று பொருளாதார வகுப்பில் கஸ்தூரி மேடம் வணிகவாதம் எடுத்தார். தங்கம் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. ராஜா அனுமதித்த கம்பெனி மட்டுமே வியாபாரம் செய்யலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா நெமிலிச்சேரி ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்ட் தலைவர். பணம் கட்டிச் சேராத எந்த வண்டியும் வாசலில் சவாரி ஏற்ற முடியாது. ரேட்டும் அவர்கள் சொல்வதுதான். அப்பா இல்லை, பூபாலன் மகாராஜா.

ஜூலை 15

கோபி அண்ணன் திருட்டுத்தனமாக பைக் டாக்ஸி ஓட்டுகிறான், அம்பத்தூர் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்ததிலிருந்தே. அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தான். வாடகை ஆட்டோ எடுத்து ஸ்டாண்டிலேயே சேரேன் என்றேன்.

"கட்றதுக்கு துட்டு எங்க கீது? பெத்த புள்ளையா இருந்தாலும் கட்டணுமாம். அப்பா சொல்ட்டாரு."

ஜூலை 22

இன்று தாராளவாதம். கதவைத் திற, அரசன் ஒதுங்கட்டும், அவனவன் தன் லாபத்தைப் பார்த்தாலே ஊருக்கும் நல்லது, விலை தானாக நியாயத்துக்கு வரும் — கேட்கவே ஆசையாக இருந்தது. சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன், வெளி வண்டிகளையும் விட்டால் ஜனங்களுக்கு ரேட்டு குறையுமே என்று.

"கொறையும். அப்றம் நாங்க இன்னாத்த துன்றது?"

பரீட்சையில் இதைக் கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 2

அண்ணன் மாட்டிக்கொண்டான். ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு அக்காவை ஏற்றினானாம். அறிவுகெட்டவன், வேறு ஸ்டேஷனே கிடைக்கவில்லையா? ஸ்டாண்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "உடு பூபாலா, நம்ம கோபி" என்றாராம் டில்லிபாபு மாமா. "எவன் புள்ளையா இருந்தா இன்னா?" என்று அப்பாவே குனிந்து இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறார். எல்லார் முன்னாடியும். பெத்த புள்ளைய. இன்னா மனுசன் இவரு?

அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. வேப்பம்பட்டில் அவன் நண்பன் ஜெகன் ரூமில் இருக்கிறானாம்.

ஆகஸ்ட் 3

அம்மா சமைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 11

விலை இறங்குகிறது, புத்தகத்தில் உள்ளபடியே. வேலை போன பையன்கள் எல்லாம் பைக் ஓட்ட வந்துவிட்டார்கள். சவாரி பிடித்துக் கொடுக்கும் பைக் டாக்ஸி ஆப்பில் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள். முன்பு சாயங்காலத்துக்குள் கிடைத்த காசுக்கு அண்ணன் இப்போது நடுராத்திரி வரை ஓட்டுகிறான். ஸ்டாண்டிலும் சவாரி இல்லை.

"யாரும் என்ன கட்டாயப்படுத்தல அனு. நானாதான் ஓட்றேன்" என்றான் போனில். பாதித் தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி இருந்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 4

பூந்தமல்லி பைபாஸ். அண்ணன் ஓட்டும்போதே கண் அசந்துவிட்டானாம். லாரி. வலது கால்.

ஆப்காரர்களுக்கு போன் செய்தேன். அவர் எங்கள் ஆள் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்பவர் என்றார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் அவன் போன் மட்டும் சவாரி வந்திருக்கிறது என்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 20

பரீட்சை. 'தாராளவாதத்தின் நன்மைகளை விளக்குக.' பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 1

அண்ணன் காலில் பிளேட் வைக்க ஆட்டோவை விற்றாயிற்று. பைக்கை மெக்கானிக் சரிசெய்து கொடுத்தார். இன்று அப்பா தன் பெயரில் ஆப்பில் சேர்ந்து, அந்த பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன். முதல் சவாரியே நெமிலிச்சேரி ஸ்டேஷன்.

"அனு, சவாரிக்கு வர்றவங்கள வாசலாண்ட நிக்க வேணாம்னு சொல்லணும். பின்னாடி ரோட்டுக்கு வரச் சொல்லி எப்டி மெசேஜ் போட்றது?"

சொல்லிக்கொடுத்தேன்.