சப்போட்டா மரத்தில் சொரீடியா

சுமிக் கண்ணே,

இல்லை, அழிந்துபோகவில்லை. நீ அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய்.

மாமரத்தில் நீ பார்த்துப் பார்த்து வளரவிட்ட லைக்கன். பட்டையில் படர்ந்த சாம்பல் பச்சை வட்டங்கள்; பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் ஒரே உயிர் என்பாய். உன் முதல் வருஷ நினைவு நாளுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று அம்மா வீட்டின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்தாள். மரத்துக்குத் தேமல் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரால் தேய்த்தாள். அதே வேகத்தில், அதே நாரால், பக்கத்துச் சப்போட்டாவையும் ஒரு கை பார்த்தாள். அவள் கையில் நார் இருக்கும்போது யார் நிறுத்துவது?

அன்று உன் ஆய்வகத் தோழி நஸ்ரினும் நம் கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்திருந்தாள். சுமியின் லைக்கனைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன்பின் அவள் பின்பக்கம் போகவில்லை. துணி உலர்த்துவதுகூட என் வேலையானது. "அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்," என்றாள் ஒருமுறை. நான் ஈரத்துணிக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அது நடந்து இரண்டு வருஷம் கழித்து, இந்த மழை விட்டதும் துணி எடுக்கப் போனேன். சப்போட்டாவின் பட்டையில் பொட்டுப் பொட்டாக அதே நிறம். நார் போன வழியெல்லாம்.

சொரீடியா. சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள் அந்தச் சொல்லைச் சொன்னாய். லைக்கனின் மேல் மாவு போலப் படிந்திருக்கும் துகள்கள். ஒவ்வொரு துகளிலும் பாசியின் சில செல்கள், அவற்றைச் சுற்றிப் பூஞ்சை இழைகள். விதை கிடையாது. உதிர்ந்து, ஒட்டிய இடத்தில் இரண்டும் சேர்ந்தே வளரும். "ஜோடியாவே கிளம்பிடும்மா, போற இடத்துல வரன் பார்க்க வேண்டாம்," என்றாய். எனக்கு மும்முரமாக வரன் தேடிக்கொண்டிருந்த அம்மா, உன் தட்டில் ரசத்தை ஊற்றி வாயை அடைத்தாள்.

நஸ்ரினுக்குப் படம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை லென்ஸோடு வந்துவிட்டாள். மரத்தில் மூக்கு இடிக்க நின்று வெகுநேரம் பார்த்தாள். அம்மா சமையலறைக் கதவைத் தாண்டவில்லை. அதேதான் என்றாள் நஸ்ரின்.

"அப்ப நான் கொல்லலையா?" என்றாள் அம்மா, கதவருகிலிருந்தே.

"கொல்றதா? நட்டிருக்கீங்க, ஆன்ட்டி. லேப்ல நாங்க இதுக்குப் படாத பாடு படறோம். நீங்க நாரை வச்சே முடிச்சிட்டீங்க."

அம்மா சிரித்தாள், சுமி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. நீ போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. படியிறங்கி வந்து சப்போட்டாவை விரல் நுனியால் தொட்டாள், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல. எதிர்வீட்டு வேப்பமரத்தையும் தேய்க்கட்டுமா என்று கேட்டாள். நஸ்ரின் பதறிப்போனாள்.

உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்ல?

மரங்களுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாளியோடு யார் வந்தாலும் பின்கதவைத் திறக்கமாட்டேன். அம்மாவையும் பார்த்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

அவள் இப்போது பின்பக்கம்தான் நிற்கிறாள். எழுதுவதை இங்கே நிறுத்திவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடப் போகிறேன்.

உன் அக்கா,
தேவி