அஞ்சலை அக்கா கேட்டது

ஐப்பசி 18, செவ்வாய்

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் இன்று ஆய்வுக்கு மண் எடுத்தோம். ஜெர்மனிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் லேனாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் அஞ்சலை அக்கா மண்வெட்டியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இதோட மூணு வாட்டி அள்ளிக்கினு போயிட்டீங்க. மண்ணு எப்படி இருக்குதுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே, பாப்பா."

என்ன சொல்கிறார் என்று லேனா கேட்டாள். நாம் வந்ததில் சந்தோஷமாம் என்றேன். அவள் சிரித்துக் கும்பிட்டாள். அக்கா என் முகத்தையே பார்த்தார்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் லேனாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "முந்தைய முடிவுகள் எங்கே?" என்றாள். ஆங்கில ஆய்விதழில் இருக்கின்றன. அரசாங்கப் பணத்தில் செய்த ஆய்வு, அக்காவின் வரியும் அதில் சேர்ந்ததுதான்.

முடிவுகளை ஊரில் போய்ச் சொல்லலாமா என்று கேட்க, என் ஆய்வுக்குக் கைடாக இருக்கும் பேராசிரியருக்குப் போன் செய்தேன். "ப்ராஜெக்ட்ல அதுக்கெல்லாம் டைம் இல்லம்மா" என்றார்.

"காலைல என் நேரத்துல போயிட்டு வந்துடறேன் சார்."

முடிவுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கரிமச் சத்து' என்று எழுதியதை அடித்து 'மக்கின எரு' என்று மாற்றினேன். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. முடித்துவிட்டுத்தான் படுப்பேன். காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால், அவர் கேள்வியை லேனாவிடம் நான் மறைத்ததை அக்காவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.