மஞ்சள் தடவின காசு

3-5-81, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். நாளைக்குக் கத்திரி ஆரம்பம். பம்பாயிலிருந்து சுந்தரம், வசந்தா, பிள்ளைகள் மூன்றும் வந்து சேர்ந்தார்கள். ரயில் கரி, பஸ் தூசி. குளிக்க வெந்நீர் வேண்டாம் என்று கிணற்றடிக்கே ஓடிவிட்டார்கள்.

மறக்காமல் எழுதி வைக்க வேண்டியது:

உமா ஆறாம் வகுப்பில் முதல். கணக்கில் நூற்றுக்கு நூறு.

செல்வம் ஓட்டப் பந்தயத்தில் கப். பார்க்க வெள்ளி. வெள்ளி இல்லை, ஆனால் கனம்.

லதா ஐந்து வயதில் தமிழ், இந்தி, மராட்டி. மூன்றிலும் வாய்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாவிடம் சொன்னேன். "போதும் யக்கா. காலையிலேர்ந்து மூணு தபா சொல்லிட்ட. அந்தக் கப்பு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்கிறாள். பொறாமை. அவள் பேரன் எட்டாவதிலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

சுந்தரம் இளைத்துவிட்டான். மில் வேலை. வசந்தாவும் ஆபீசில் டைப் அடிக்கப் போகிறாள்.

வாங்க: கிர்ணிப் பழம், வெல்லம், கருவாடு (சுந்தரத்துக்கு), விரலி மஞ்சள்.

4-5, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் இன்றைக்கு எனக்குப் பண்டிகை மாதிரி.

காணும் பொங்கல் அன்று பிள்ளைகள் காலில் விழ, பெரியவர்கள் காசு கொடுப்பது எங்கள் வழக்கம். தை மாதத்தில் இவர்களுக்கு லீவு கிடையாது. அதனால் நாலு வருஷமாக அனுப்புகிறேன். தறிக்கு நூலைக் குழலில் தார் சுற்றின கூலியில் எடுத்து வைத்து, பாங்கில் புது ஒரு ரூபாய்க் காசாக மாற்றி, மஞ்சள் குழைத்துத் தடவி, நிழலில் காயவைத்து, தறியில் மிஞ்சின பட்டுத் துண்டில் முடிவேன். முடியும்போது ஒவ்வொரு பிள்ளை பேரையும் சொல்வேன். உமா நன்றாகப் படிக்கணும். செல்வத்துக்குக் காய்ச்சல் வரக் கூடாது. லதா வளரணும். எங்கள் தெருப் புடவைக்காரர் பம்பாய்க்கு வியாபாரம் போகும்போது அவர் கையில் கொடுத்துவிடுவேன். சுந்தரம் வருஷா வருஷம் எழுதுவான், "பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்" என்று. படித்துவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பேன்.

இந்தத் தடவை நேரிலேயே கொடுத்துப் பார்க்க ஆசை. மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தேன். விழுந்தார்கள். கொடுத்தேன்.

செல்வம் மூக்கில் வைத்துப் பார்த்தான். "ஏய் உமா, பம்பாய் ஆயா காசுடி!"

"உங்க ஆயா நான்தானடா, யார்ரா அது பம்பாய் ஆயா?"

"பக்கத்து ரூம் ஆயா. அவங்க பண்டிகைக்கு எங்க எல்லாருக்கும் குடுப்பாங்க. இதே மாதிரி மஞ்சளா, இதே வாசனை."

அடுப்படியிலிருந்து வசந்தா, "செல்வம், ஜல்தியா ஒரு கொடம் தண்ணி சேந்து!" என்று கத்தினாள்.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

5-5, செவ்வாய்

காற்றே இல்லை. மதியம் நான் தார் சுற்ற, உமா பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆயாவைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க யூதருங்க ஆயா. மராட்டி பேசுவாங்க, பொடவ கட்டுவாங்க. ஹோலி வருதுல்ல, கிட்டத்தட்ட அப்பதான் அவங்களுக்கும் ஒரு பண்டிக. ஒரு ராணி அவங்க ஜனத்தையே சாவுலேர்ந்து காப்பாத்தினாங்களாம். அந்தக் கதய படிப்பாங்க. கெட்டவன் பேரு வரும்போதெல்லாம் நாங்க காலால தரைய ஒதைப்போம். கீழ் வூட்டுக்காரரு கத்திகினு மேல வருவாரு பாரு!"

சிரித்தேன். சிரிப்புதான் வந்தது அப்போது.

வேஷம் போடுவார்களாம். உமாதான் ராணியாம். நான் தீபாவளிக்கு அனுப்பின அரக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு. அதைக் கேட்டும் சந்தோஷம்தான். நம் ஊர்ப் பட்டு ராணிக்குப் பொருத்தம்தானே.

"அப்புறம் அவங்க கால்ல வுழுவோம். ஆளுக்கு ரெண்டு காசு. ஒண்ணு நமக்கு, ஒண்ண இல்லாதவங்களுக்குக் குடுத்துடணும். என்னுத ஸ்டேஷன்ல பாடுவாரே கண்ணு தெரியாதவரு, அவருக்குப் போட்டேன்."

நல்ல வழக்கம் என்று சொன்னேன். அவர்களும் காசுக்கு மஞ்சள் தடவுகிறார்களா என்று கேட்டேன்.

"தெரியல ஆயா. சின்ன முடிச்சா எடுத்துகினு வருவாங்க. தோ, இந்தத் துணிதான்."

தறியில் தொங்கின துண்டைக் காட்டினாள்.

சுற்றுகிற கையை நிறுத்தினேன். பிறகு, "நான் பொங்கலுக்கு அனுப்பற காசு?" என்றேன்.

"நீ எப்ப ஆயா அனுப்பின?"

பொய் சொல்கிற முகம் இல்லை. என் பேத்தி முகம் எனக்குத் தெரியும். தார் கையை விட்டு உருண்டு போய்விட்டது, நூல் முழுக்கச் சிக்கு. எடுக்கத் தோன்றவில்லை.

6-5, புதன்

பிள்ளைகளைக் கன்னியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன். சுந்தரம் சுவரைப் பார்த்தான். வசந்தாதான் பேசினாள். அதை மட்டும் சொல்ல வேண்டும், அவள் மறைக்கவில்லை.

"திட்டம் போட்டு செய்யல அத்த. அவங்க வூட்டுக்காரரு தவறிப் போயி கொஞ்ச நாள்தான் ஆயிருந்துச்சு. வருசா வருசம் பசங்களுக்குக் காசு குடுக்கறவங்க, அந்தப் பண்டிக அன்னிக்குக் கதவ சாத்திகினு உள்ள உக்காந்துட்டாங்க. கையில ஒண்ணுமில்ல. வெளிய பசங்க தட்டிகினே நிக்குதுங்க. புடவக்காரரு அந்த வருசம் லேட்டு. உங்க முடிச்சு அப்பதான் வந்திருந்துச்சு. எடுத்தும்போயி அவங்க கையில குடுத்துட்டேன். நான் ஆபீஸ்லேர்ந்து வர்ற வரிக்கும் லதாவ தூக்கி வெச்சிகினு இருக்கறவங்க அத்த. காசு குடுத்தா வாங்க மாட்டாங்க."

"அந்த வருசம் சரி. அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் அவங்க என் மூஞ்சியப் பாத்தாங்க அத்த."

அதற்கடுத்த வருஷமும். இந்த வருஷமும்.

"அது என்னுதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் குடுக்கறேன்னு நெனச்சிகினாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அப்போதுதான் சுந்தரம் வாயைத் திறந்தான். "வுடும்மா. காசு பசங்களுக்குத்தான போச்சு? யார் கையால போனா இன்னா?"

"யார் கையால போனா இன்னாவா? கண்ணுல ஒத்திகினாங்கன்னு எழுதினியேடா, அது யார் கண்ணு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் அப்பா மாதிரியே.

7-5, வியாழன்

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனையோடு சரி.

வசந்தா மேல் பாதிக் கோபம். ஒரு பொம்பளை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நானும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னொரு முடிச்சு அனுப்பியிருப்பேன். இரண்டு முடிச்சு தனித்தனியாக. கேட்கத்தான் இல்லை.

சுந்தரம் மேல் முழுக் கோபம். நாலு வருஷம். அந்த ஒரு வரியை நாலு தடவை எழுதியிருக்கிறான். எழுதாமல் இருந்திருக்கலாம். காசு கிடைத்தது என்று மட்டும் எழுதியிருக்கலாம். கண், ஒற்றிக்கொள்வது எல்லாம் யார் கேட்டது? அதைத்தான் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் பேர் சொல்லி முடிந்த காசு. செல்வத்துக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று முடிந்ததை எந்தப் பிள்ளை வாங்கியதோ. வாங்கின பிள்ளை நன்றாக இருக்கட்டும், அதற்கு என்ன தெரியும். ஆனால் என் பிள்ளைகள் விழுந்து எழுந்தபோது யாரை நினைத்தார்கள்?

லதா என்னை "ஊரு ஆயா" என்கிறாள். வெறும் ஆயா அங்கே இருக்கிறாள்.

கன்னியம்மா கேட்டாள், "இன்னா யக்கா, பசங்க காசு வாங்கிகிச்சுங்களா? கண்ணுல ஒத்திகிச்சுங்களா?"

"ஆமாண்டி" என்றேன். சுந்தரத்தின் பொய்யை நானும் சொன்னேன்.

இரவு கருவாட்டுக் குழம்பு. எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் இரண்டு தடவை சோறு வாங்கினான்.

28-5, வியாழன்

இன்று கிளம்பினார்கள். நடுவில் எழுதவில்லை. எழுதினால் அதையே எழுதியிருப்பேன்.

கட்டிக் கொடுத்தது: முறுக்கு, புளி, ஊறுகாய், உமாவுக்குப் புதுப் பாவாடைத் துணி.

செல்வம் பையைக் கிளறிவிட்டு, "பம்பாய் ஆயாவுக்கு இன்னா குடுத்து வுடற?" என்றான்.

ஒன்றுமில்லை என்றேன். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் சுந்தரம் ஜன்னல் வழியாக, "ம்மா, வர்ற பொங்கலுக்கு அனுப்பு. நானே என் கையால குடுக்கறேன், சத்தியமா" என்றான்.

"உன் கையாலயா?" என்றேன். அதற்குள் கண்டக்டர் விசில். லதா மட்டும் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

வீடு வந்து ஒரு வேலையும் ஓடவில்லை. சுந்தரம் முன்பு பம்பாயிலிருந்து அனுப்பி, சுவரில் மாட்டியிருக்கிற பிள்ளைகள் போட்டோவை எடுத்துத் துடைத்தேன். லதா அதில் உமா இடுப்பில் இருக்கிற குழந்தை. மூன்று பேரும் எந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று இத்தனை வருஷம் கேட்கத் தோன்றவில்லை. பின்னால் கதவு பாதி திறந்திருக்கிறது.

நாளைக்குச் சுந்தரத்துக்கு எழுத வேண்டியது:

ஊர் போய்ச் சேர்ந்ததற்கு உடனே பதில் போடு. இனிமேல் கண்ணில் ஒற்றிக்கொண்டது எல்லாம் எழுதாதே. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பிள்ளைகள் மூன்று பேர், நடுவில் அந்தம்மா. முகம் எப்படி இருந்தாலும் சரி, காசு கொடுத்த அவள் கை தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்.