அனிற்றா மாமி கழுவிய போத்தல்

பலெர்மோ
24.05.1998

அன்பு மகன் டெனிஸ்டனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் இரக்கத்தால் நானும் அம்மாவும் தங்கச்சி யூலியானாவும் நல்ல சுகம், நீயும் கலியாணப் பெண் றெஜினாவும் அங்கே ஜெர்மனியில் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். இந்தமுறை சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காக எழுதுவது இல்லை மகனே, உண்மையிலேயே சுகம், அம்மா குசினியில் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் வெட்டுகிறா. நான் போனமுறை எழுதிய கடிதம் கையில் இருந்தால் அதைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள். அதோடு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை நான் அழுதுகொண்டுதான் எழுதினேன். தங்கச்சிக்கு இரவிலே சிறுநீரகத்துக்குப் பதிலாக வயிற்றுக் குழாயில் தண்ணீர் விட்டு எடுக்கிற மெஷின் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று பிள்ளையைப் பார்க்கிற டொக்டர்ப் பொம்பிளை, அந்த டொட்டோரெஸ்ஸா, சொல்லிவிட்டா. அதை அளக்கிற விதம் உனக்குத் தெரியாது, எனக்கும் இந்த வருடம்தான் விளங்கியது. ஞாயிறு காலையிலிருந்து திங்கள் காலைவரை பிள்ளை கழிக்கிற சிறுநீர் முழுவதையும் ஒரு துளி விடாமல் பெரிய போத்தலில் சேர்க்க வேண்டும், மெஷினில் வடிந்த தண்ணீரை அளந்து அதிலும் கொஞ்சம் எடுத்துப் போக வேண்டும், பிறகு ஆசுப்பத்திரியில் இரத்தம் எடுப்பார்கள். கழிவு எவ்வளவு வெளியே வந்தது, இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சிக் கிடக்கிறது என்று பிள்ளையின் உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்ததில் அவளுடைய சிறுநீரகங்களில் மிச்சமிருந்த கொஞ்ச வேலையும் நின்றுவிட்டது போலத் தெரிகிறது, இனி வீட்டு மெஷின் காணாது, கிழமைக்கு மூன்று நாள் ஆசுப்பத்திரிக்கு வந்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டி வரும் என்றா. அப்படியென்றால் பள்ளிக்கூடம் பாதி போச்சு, ஓகஸ்ட் மாதம் உன் கலியாணத்துக்கு ஜெர்மனிக்கு வருவதும் போச்சு. உன் கலியாணத்தில் பூக்கூடை பிடிக்க என்று அம்மா தைத்து வைத்த ரோசாப்பூ நிறச் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டா. யூலியானா தானே போய்ப் பெட்டி மூடியைச் சாத்தினாள், அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பிறகு நடந்ததைக் கேள். என் அருமைத் தங்கச்சி, உன் அனிற்றா மாமியை உனக்குத் தெரியும்தானே, வேலை தருகிற மூன்று சிஞ்ஞோராக்களின் வீடுகளைத் துடைத்துவிட்டு வந்தும் கை சும்மா இருக்காது, எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருக்குமுன் கதிரையைத் துடைப்பா. போன கிழமை போர்கோ வெக்கியோவிலிருந்து வந்தவ தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து ஒரு குறை சொன்னா. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பின்னேரப் பூசைக்குப் போன நேரம் என்னட்டைக் கிடக்கிற திறப்பாலை திறந்து வந்தனான், குளிக்கிற அறையிலை ஒரு போத்தல் மஞ்சளா நாறிக்கொண்டு கிடந்தது, ஊத்திப்போட்டு வெளுக்கிற வரேக்கினாத் தண்ணி போட்டுப் பளிச்செண்டு கழுவி வைச்சனான், ஆர் கழுவினது எண்டு கூட ஒருத்தரும் கேக்கேல்லை என்று. அம்மாவின் கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது. என்ரை மாதாவே, அதுக்குள்ளைதானடி பிள்ளையின்ரை கணக்கு முழுக்க இருந்தது என்று ஒரு கத்தல். பகல் முழுவதும் சேர்த்தது எல்லாம் குழாயோடு போய்விட்டது, இரவு வந்த கொஞ்சத்தைத்தான் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். போத்தல் ஏன் இவ்வளவு குறைவு என்று அம்மா அன்றைக்கே யோசித்தவ, பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை ஆக்கும் என்று விட்டுவிட்டா. மாமி தலையில் கைவைத்து அழத் தொடங்க, யூலியானா போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாமி, நீங்கள் என்ரை பிப்பீக்கும் வரேக்கினா போட்டனீங்களோ என்று கேட்டாள். அழுதவ சிரித்தா, பிறகு வீடே சிரித்தது. இத்தாலியில் சுத்தம் செய்து பிழைக்கிற சனத்துக்குத்தான் மகனே இப்படி ஒரு பிழை வரும்.

அடுத்தநாள் நான் ஆசுப்பத்திரிக்கு ஓடிப்போய் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன், வாயால் சொன்னதைவிடக் கையால் சொன்னது கூட. டொட்டோரெஸ்ஸா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா, இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை, மறுபடி அளப்போம் என்றா. இந்த ஞாயிறு வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, புதன்கிழமையே தொடங்கிவிட்டோம். போத்தலின் கழுத்தில் யூலியானா ஒரு மட்டை எழுதித் தொங்கவிட்டாள், கழுவாதே, இது என்னுடையது என்று இத்தாலியனில், அதற்குக் கீழே நான் தமிழில். அனிற்றா மாமி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து குளிக்கிற அறை வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தா, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, நிலத்தில் கிடந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. காலையில் அதைப் பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த சிசிலிக்காரக் கிழவர் எட்டிப் பார்த்து, வீட்டு வைனா என்று கேட்டார். ஓம், என்ரை மகள் செய்தது என்றேன். நல்ல வைனை இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று மெச்சினார்.

கணக்கு வெள்ளிக்கிழமை வந்தது. சிறுநீரகங்கள் இன்னும் கொஞ்சம் வேலை செய்கின்றன, மெஷினும் நன்றாகச் செய்கிறது, இரண்டையும் கூட்டினால் தாராளமாகக் காணும், ஆசுப்பத்திரி மெஷின் இப்போது வேண்டாம். டொட்டோரெஸ்ஸா அதோடு விடவில்லை. கணக்கை மட்டும் நான் நம்பமாட்டேன், பிள்ளை சாப்பிடுகிறாளா, ஓடுகிறாளா, வளர்கிறாளா என்பதும் அளவுதான் என்று சொல்லி அவளைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தா. வளர்ந்திருக்கிறாள் மகனே! வீட்டுக்கு வந்து அம்மா பெட்டியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தால் அது முழங்காலுக்கு மேலே நிற்கிறது. அம்மா அழுதுகொண்டே கரையைப் பிரித்து நீளமாக்கத் தொடங்கிவிட்டா, தைத்த சட்டை கட்டையாகிப் போனதற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட தாயை நான் பார்த்ததில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேள். மெஷினுக்கு வேண்டிய தண்ணீர்ப் பைகளை ஆசுப்பத்திரிக்காரர் உன் வீட்டுக்கே அனுப்பி வைப்பார்களாம், முழு விலாசமும் எத்தனையாம் மாடி என்பதும் உடனே எழுது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் உள்ள ஒரு அறை தங்கச்சிக்கு வேண்டும், குழாய் பூட்டும்போது யன்னல் சாத்தியிருக்க வேண்டும், கலியாண வீட்டுச் சனம் உள்ளே வந்து கொஞ்சக்கூடாது. பெர்மெசோ அனுமதிப் பத்திரம் எல்லோருக்கும் கையில் இருக்கிறது, நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவும் ஓகஸ்டில் கடலுக்குப் போகிறா, எனக்கு லீவு. அனிற்றா மாமியும் வருகிறா, உன் வீட்டை முன்கூட்டியே துடைத்து வை, இல்லாவிட்டால் கலியாணத்துக்கு வராமல் குசினியிலேயே நிற்பா. றெஜினாவைக் கோபிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, பூசையை விடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவும் நானும் உச்சி மோந்து ஆசீர்வதிக்கிறோம்.

இப்போது அந்தப் பழைய கடிதத்தை எடு. எங்கள் வரவைப் பார்த்துக்கொண்டிராமல் தாலியைக் கட்டு என்று எழுதிய இடத்தைக் கிழித்து எறி. பார்த்துக்கொண்டிரு மகனே. பூக்கூடை பிடிக்க உன் தங்கச்சி வாறாள்.

உன் அன்பு அப்பா,
ம. சுவாம்பிள்ளை