கைப்பிடியில் தொங்கிய பை

மே 8

எரிக்கக்கூடிய குப்பையை எடுக்கும் நாள். ஏழு மணிக்கே பையைக் கட்டித் தெரு மூலையில் வைத்துவிட்டேன், காக்கை கிளறாதபடி வலையையும் சரியாக மூடினேன். இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் இதிலாவது தேறிவிட்டேன்.

பத்து மணிக்கு இடப்பக்கத்து வீட்டுச் சோனோபே அம்மா வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டையைக் கொண்டுவந்தார். மணி அடித்து, என் முகத்தைப் பார்த்து, கையில் கொடுத்தார். வடிகால் சுத்தம் செய்யும் தேதி, காணாமல் போன பூனை. படித்துவிட்டு என் முத்திரையைக் குத்தினேன். அடுத்தது வலப்பக்கத்து இவாகிரி-சான். எண்பத்தொரு வயது, தனி ஆள், மீன்பிடிக் கப்பலில் இயந்திரம் பார்த்தவர். மணி அடித்தால் அரை மணி நேரம் போய்விடும். அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. அதனால் போன இலையுதிர் காலத்திலிருந்து அட்டையைப் பையில் போட்டு அவர் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு வந்துவிடுகிறேன். அவருக்கும் தொந்தரவில்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமலிருப்பதுதானே இங்கே முதல் பாடம்.

சோனோபே அம்மா வேலி வழியாகப் பார்த்துவிட்டு, “தொங்கவிட்டுட்டா வசதிதான், இல்லீங்களா?” என்றார். பாராட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

மே 9

மீன் கடையில் இவாகிரி-சான். “குரெண்டா-சான், நேத்து யாரோ என் வீட்டுக் கைப்பிடியைப் பார்க்க வந்துட்டுப் போயிருக்காங்க. டீ குடுத்தியானு அதுகிட்ட கேட்டேன், வாயே திறக்கல.” கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மரியாதைக்கு ‘சான்’ சேர்ப்பார்கள், ஆனால் என் பெயர் கிளெண்டா என்பது இந்தத் தெருவில் யார் வாயிலும் நுழையாது. ஊர் ஒஹாயோ என்றால் அதற்குமேல் வேடிக்கை, அந்தச் சத்தத்துக்கு இவர்கள் மொழியில் காலை வணக்கம் என்று பொருள். ‘காலை வணக்கத்து ஊர்க்காரம்மா’ என்று இவாகிரி-சான் ஆறு வருடமாகக் கேலி செய்கிறார்.

மே 23

மழை. அட்டை நனையக் கூடாதென்று இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, வாயை முடிச்சிட்டுத் தொங்கவிட்டேன். திரும்பும்போது அவர் வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. பார்க்காதது போல நடந்துவிட்டேன். ஆங்கில வகுப்பு எடுக்க வேண்டுமே. அது பன்னிரண்டு மணிக்குத்தான். அப்போது பத்தேகால்.

ஜூன் 10

இன்றும் மழை. அட்டை. அதே இரண்டு பை. அவர் வீட்டு வானொலியில் பேஸ்பால் வர்ணனை சத்தமாக ஓடுகிறது. நல்லது, மனிதருக்குப் பொழுது போகிறது.

ஜூன் 12

பை இரண்டு நாளாக அப்படியே தொங்குகிறதென்று சோனோபே அம்மாதான் கவனித்திருக்கிறார். இவாகிரி-சான் சமையலறைத் தரையில் கிடந்தாராம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விழுந்தது பத்தாம் தேதி காலையில். உயிர் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் போன பிறகு சோனோபே அம்மா என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு மணி அடிச்சீங்களா?”

இல்லை என்றேன்.

“அப்படீங்களா.” குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூன் 13

பை கட்டுற சத்தம் கேட்டுச்சாம் அவருக்கு. ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட சொல்லியிருக்கார். “யாரோ வாசல்ல நிக்கிறாங்கன்னு கூப்பிட்டேன், ரேடியோ சத்தத்துல கேக்கல போல”ன்னு.

வாசலுக்கும் அந்தச் சமையலறைக்கும் எட்டடிகூட இருக்காது. மணிதானே — ஒரு விரல் போதும். அப்படி என்ன அவசரம் எனக்கு? ஒண்ணுமே இல்லை. வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடிச்சேன்.

ஜூன் 14

வகுப்பை ரத்து செய்தேன்.

ஜூன் 21

இவாகிரி-சானின் மகள் சதோமி நகோயாவிலிருந்து வந்திருந்தாள். அப்பாவை இனி தன்னோடே வைத்துக்கொள்ளப் போகிறாளாம். வீட்டைப் பூட்டிவிட்டு, இனிப்புப் பெட்டிகளோடு வீடு வீடாகப் போனாள். என் வாசலிலும் குனிந்தாள். “எங்கப்பாவால உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு. மன்னிச்சிடுங்க.”

தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்: மணி அடிக்காமல் வந்தது நான்தான், அன்று மட்டுமல்ல, இலையுதிர் காலத்திலிருந்தே.

சதோமி இனிப்புப் பெட்டியை என் கையில் வைத்தாள். “அட்டை வர்ற நாள்ல அப்பா காலைலயே ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருப்பாரு. ‘இன்னிக்கு காலை வணக்கத்து ஊர்க்காரம்மா வருவாங்க, போனை வை’ன்னுவாரு. போன வருஷம் வரைக்கும்.” சொன்ன வேகத்திலேயே பதறினாள். “அதனால என்னங்க, நீங்க வெளிநாட்டுக்காரங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? பரவாயில்லீங்க.”

தெரியாதா எனக்கு? ஐந்து வருடம் மணி அடித்தவள்தானே நான். வெளிநாட்டுக்காரி என்ற சலுகையிலேயே காலத்தை ஓட்டியிருக்கிறேன். யாரும் என்னைத் திட்டியதே இல்லை. அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். சோனோபே அம்மா ‘வசதி’ என்று சொன்னது திட்டு என்பது இப்போதுதான் உறைக்கிறது. அன்றே வெட்கப்பட்டிருந்தால் இவாகிரி-சான் இரண்டு ராத்திரி தரையில் கிடந்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 7

அட்டையின் பெயர்ப் பட்டியலில் இவாகிரி என்ற பெயரை இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். எனக்கு அடுத்தது இனி குரோகி வீடு, புதிதாகக் கல்யாணமானவர்கள். மணி அடித்தேன். கதவு ஒரு சாண் திறந்தது.

“என்னங்க, ஏதாவது பிரச்சினையா?” அந்தப் பெண் பயந்தேபோய்விட்டாள். அட்டையை நீட்டினேன். “இதுக்காகவா வெயில்ல நின்னீங்க? கைப்பிடியில மாட்டிட்டுப் போயிருக்கலாமே. சங்கக் கூட்டத்துலகூட உங்களைத்தான் சொன்னோம். இனிமே எல்லாருமே அப்படிச் செய்யலாம்னு.”

இவள் திட்டவில்லை. நிஜமாகவே பாராட்டினாள்.

செப்டம்பர் 5

அட்டை வரும் நாள். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். அரிசி பிஸ்கட் ஒரு பொட்டலம், இரண்டு கோப்பை, வெந்நீர். சோனோபே அம்மாவை இன்றாவது உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த நாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இவாகிரி-சானிடம் மன்னிப்புக் கேட்டு நகோயாவுக்கு ஒரு கடிதம் எழுதவும் அவர் உதவி வேண்டும். இவர்கள் மொழியில் என் எழுத்து அவ்வளவு போதாது.

பத்தாயிற்று. பதினொன்று. ஒரு மணிக்கு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

கைப்பிடியில் தொங்கியது. இரண்டு பிளாஸ்டிக் பை, வாயில் முடிச்சு. உள்ளே அட்டையோடு ஒரு சீட்டு, சோனோபே அம்மாவின் அழகான கையெழுத்தில்: “உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்றுதான்.”

முத்திரை குத்தினேன். இரண்டாவது கோப்பையைக் கழுவ வேண்டியிருக்கவில்லை. அப்படியே அலமாரியில் வைத்தேன்.