டப்பாவில் இரண்டு பொத்தான்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டுக் கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் நன்றாக இருப்போம். போனை எடுக்காத பிள்ளைக்குக் கடிதம் போடுவது, கதவைத் திறக்காத வீட்டின் ஜன்னலைப் போய்த் தட்டுகிற மாதிரிதான். கோபித்துக்கொள்ளாதே கண்ணு, பேச்சில் எனக்கு எதுவும் முழுதாக வருவதில்லை, உனக்குத்தான் தெரியுமே. அலுவலகத்தில் என்னைப் பின்னறையிலிருந்து முன் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள், வருகிறவர்களிடம் சத்தமாகப் பேச வேண்டுமாம், முதல் நாள் என் குரலைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து, சொட்டியதை ஒழுகவைத்திருக்கிறார்.

நீ கடைசியாகப் பேசியபோது, "எல்லாரும் என்னைய அதிர்ஷ்டக்காரிங்கிறாங்கம்மா, அப்ப அவ யாரு?" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தூக்கம் விடவில்லை என்று சொல்லக் கூசி, தலைவலி என்று சொல்லி, உன் காலை ஷிப்டுக்கு அறைத்தோழியை அனுப்பினாய். கிடங்கில் நீ நிற்க வேண்டிய இடத்தில் அவள் நின்றாள், பெட்டி அடுக்கு சரிந்து அவள் கால்மேல் விழுந்தது. அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் பொண்ணு மயிரிழையில தப்பிச்சா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், முதல் இரண்டு நாள் நானும்தான் சொன்னேன். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் பெரியம்மா, என் அக்கா, காய்ச்சலில் படுத்து ஒரு வகுப்பு பின்தங்கியதால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே பள்ளி முடித்தோம், இரண்டு பேருக்கும் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் சலவைக் கடையில் தாத்தாவோடு ஒருத்தி நிற்க வேண்டும். யாரை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இஸ்திரிச் சூட்டில் உடைகிற பொத்தான்களுக்குப் பதில் தைக்க ஒரு தகர டப்பா நிறையப் பொத்தான் இருக்கும், அதைக் காலிசெய்து ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு மட்டும் போட்டார். வெள்ளை எடுத்தால் கல்லூரி. என் கை சோப்புத் தண்ணீரில் இருந்தது, அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். கறுப்பு வந்தது. அவ்வளவுதான். டப்பாவைத் தொடாமலே நான் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனேன்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் சுருக்கென்று உறைத்தது. பொத்தான் தைப்பதே அக்காவின் வேலை. வெள்ளைச் சட்டைப் பொத்தானுக்கு நாலு ஓட்டை, கறுப்புக் கோட்டுப் பொத்தானுக்கு இரண்டு, பார்க்காமலே விரலால் சொல்லிவிடுவாள். அப்படியானால் தெரிந்தேதான் கறுப்பை எடுத்தாள், வெள்ளையை எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கிற வாயா எனக்கு? அன்றிலிருந்து கடை இருக்கிற தெரு வழியே வருவதை விட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் இரண்டு தெரு சுற்றித்தான் வீடு திரும்புவேன், துவைக்கிற துணியை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புவேன். அது உடம்புக்கு நல்லதென்று நடக்கிற பழக்கம் என்றுதானே நீ நினைத்திருப்பாய்.

நீ கேட்டதற்குப் பதில் தேடிப் போன வாரம் நேரே கடைக்குப் போனேன். அக்கா சட்டைக் காலர்களில் எண் துண்டு குத்திக்கொண்டிருந்தாள். "வாடி ஊமைக்கோட்டான், வழி தெரிஞ்சுதா?" என்றாள். நின்ற நிலையிலேயே கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது. "அடிப் பைத்தியமே, விட்டுக்குடுத்தேனா? நான் திருடத்தான் பாத்தேன். நாலு ஓட்டை எதுன்னு தடவு தடவுன்னு தடவினேன். நம்ம அப்பா லேசுப்பட்ட ஆளா? ரெண்டுமே நாலு ஓட்டை, ஒரே அளவு. கைக்கு வந்தது கறுப்பு. ரெண்டு நாள் அழுதேன், மூணாம் நாள் ஓட்டல் துணி மூட்டை மூட்டையா வந்துடுச்சு, அழ நேரமில்ல" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பொத்தான் மாறி வந்ததுக்கு யார நோகறது? நீ சுத்திப் போனியே, அதுதாண்டி எனக்கு ஆறல. தெருமுனையில உன் குடை திரும்பறது இங்கேருந்தே தெரியும்" என்றாள். மூட்டை கட்டக் கயிற்றைக் கையில் கொடுத்தாள், கட்டினேன். இப்போது தினமும் அந்த வழியாகத்தான் வருகிறேன், வந்தால் சும்மா விடுவதில்லை, வேலை வாங்குகிறாள்.

அதிர்ஷ்டம் என்றால் என்ன என்று இவ்வளவு படித்தும் எனக்குத் தெரியவில்லை கண்ணு. அந்தப் பெட்டி அடுக்குக்கு உன்னையும் தெரியாது, அவளையும் தெரியாது, டப்பாவுக்கு எங்களைத் தெரியாத மாதிரி. அதில் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, யார்மேலும் குற்றமில்லை. ஆனால் தெருமுனையில் குடை தானாகத் திரும்பவில்லை. திருப்பியது என் கை.

நல்லா இரு, நூறு வயது இரு. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. எழுத உட்கார்ந்தது இந்த ஒன்றுக்காகத்தான், இவ்வளவு நேரம் தயங்கிக்கொண்டிருந்தேன். அவள் இருக்கிற ஆஸ்பத்திரி உன் அறையிலிருந்து நடக்கிற தூரம்தான் என்றாய், இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லை என்றும் சொன்னாய். இந்த ஞாயிற்றுக்கிழமை போ. தலைவலி என்று சொன்னது பொய் என்று அவளிடம் சொல், திட்டினால் வாங்கிக்கொள், போகச் சொன்னால் மறுநாள் திரும்பப் போ. என்னைப் போல இருபத்தைந்து வருடம் சுற்றாதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா