அம்மா சிரித்த காட்சி

என் அம்மாவுக்கு,

உன் படம் வந்துவிட்டது. உன் படம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்; போஸ்டரில் இருப்பது வேறொருத்தியின் முகம். உன்னோடு உப்பு வாரிய செல்வி அக்காவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய்ப் பார்த்தேன்.

கதாநாயகி உப்பளத்தில் வேலை செய்கிறாளாம். உச்சிவெயிலில் வாருகிறாள். நீங்கள் எல்லாம் வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்து வீடு திரும்பியிருப்பீர்கள். அதையாவது விடலாம். காதல் வந்ததும் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டுகிறது. அவள் கைகளை விரித்து, உப்புக் குவியலைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். ஊரே கூட ஆடுகிறது. செல்வி அக்காவால் பொறுக்க முடியவில்லை. "அடிப்பாவி, உப்பு கரையுதுடி. ஆட்டத்த நிறுத்திட்டு தார்ப்பாய எடுத்து மூடுடி" என்றாள். பின்வரிசைக்காரர்கள் அவளை அதட்டி அடக்கினார்கள். கலையை ரசிக்கத் தெரியாதவள்.

படமெடுக்க வந்தவர்கள் மூன்று வாரம் நம்மோடு இருந்தார்களே, மழை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒருவராவது கேட்டாரா? கேட்டதெல்லாம் குவியல் ஏன் இப்படி அழுக்காக இருக்கிறது என்பதுதான். கடையிலிருந்து பாக்கெட் உப்பு வாங்கிவந்து மேலே தூவினார்கள். மரக்காணத்துக்கே உப்பு கொண்டுவந்த மகான்கள்.

நான் போனது உன்னைப் பார்க்க. கதாநாயகியின் கால் வெந்துவிடும் என்று அவள் சேலையை உனக்குக் கட்டி உப்புப் பாத்தியில் இறக்கினார்களே, அந்தக் கால்கள் படத்தில் இருக்கின்றன. வளைந்த சுண்டுவிரலோடு, திரை முழுக்க. ஆனால் அன்று காலை கடல் பக்கம் திரண்ட மேகம் பெய்யாமல் கலைந்தபோது, உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாயே, அது இல்லை. என் போனை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாய். அந்தக் கேமராவுக்கு மட்டும்தான் சிரித்தாய். நீ கண்ணை மூடிய பிறகு அதற்காகத்தான் காத்திருந்தேன்.

நேற்று இயக்குநர் போன் செய்தார். நம் ஊர் மண்டபத்தில் பாராட்டு விழாவாம். உப்பளத்தின் வலியை உலகுக்குச் சொன்னதற்கு நான் மேடையேறி நன்றி சொல்ல வேண்டுமாம். அந்தச் சிரிப்பு எங்கே என்று கேட்டேன்.

"அம்மா நல்லாதான் பண்ணாங்க. ஆனா சிரிச்சிட்டாங்களே. உப்பளத்துக்காரி சிரிச்சா ஆடியன்ஸ் எப்படிம்மா அழுவாங்க?"

சினிமா முகங்களின் கலை என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து உன்னிடம் அளந்திருக்கிறேன். நீயும் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்பாய். உழைக்க உன் கால், அழ அவள் முகம், அவ்வளவுதானா அது? கலையை விடு, தொழில் என்று சொல்லிக்கொள்ளவாவது அதற்குத் தகுதி வேண்டாமா? உப்புத் தொழிலில் நாம் மண்ணைத்தான் கழித்துப் போடுவோம்.

அந்தச் சிரிப்பை முதலில் திரையில் போடுங்கள், பேசுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான், உனக்குத் தெரியும். ஆனாலும் மேடை ஏறுவேன், அவர் போட்டாலும் போடாவிட்டாலும். அந்தக் கால்கள் யாருடையவை என்று சொல்வேன். மழை வராததற்காக ஒருத்தி சிரித்தாள் என்றும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

வளைந்த சுண்டுவிரலை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்ட
உன் மகள்